கப்பல் போன பிறகு கரையில் மிஞ்சுவது என்ன?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"கப்பல்ல போய்ட்டு வந்தியே, அதைப் பத்திப் பேசேன்" என்றார் நம் சங்கச் செயலாளர். கடல் இல்லாத கடம்பத்தூரில் கப்பல் கதை எதற்கு என்று நினைக்காதீர்கள். சம்பந்தம் இருக்கு, சொல்றேன்.

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் போக ஆரம்பித்தது. 211 மீட்டர் நீளம். பிரான்சில் கட்டப்பட்டு 1990-ல் கடலில் இறங்கிய கப்பல். நம்ம பக்கம் வருவதற்கு முன்னால் பல வருடம் கரீபியன் கடலில் ஓடியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் கடலின் தீவுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

அதில் ஒன்று கிரெனடா. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பரப்பு. ஆனால் அது ஒரு தனி நாடு! 1974-ல் சுதந்திரம் பெற்றது. தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. உல்லாசக் கப்பல் காலையில் வரும், சாயங்காலம் கிளம்பிவிடும். பயணிகளுக்குச் சாப்பாடும் படுக்கையும் கப்பலிலேயே. அதனால் கரையில் பெரிதாகச் செலவு இருக்காது. ஒரு பொட்டலம் ஜாதிக்காய், வாசனைப் பொருள் கோத்த ஒரு மாலை, அவ்வளவுதான்.

ஆனால் குவாவ் என்ற ஊரில் உள்ள ஜாதிக்காய்ப் பதனிடும் நிலையம் ஒரு எஞ்சினியர் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். உலர்த்தி ஓடு நீக்கிய கொட்டைகளைத் தண்ணீரில் போடுகிறார்கள். முழுகினால் நல்ல சரக்கு, சமையலுக்குப் போகும். மிதந்தால் மட்டம், எண்ணெய் எடுக்கப் போகும். அடர்த்திச் சோதனை! மெஷின் இல்லை, கரண்ட் இல்லை. ஒரு தொட்டித் தண்ணீரே தரக் கட்டுப்பாட்டுத் துறை.

இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகத்துக்கு ஜாதிக்காய் கொடுத்த அந்த நாட்டில், 2004 செப்டம்பரில் 'ஐவன்' புயல் அடித்தது. மரங்களில் பெரும்பகுதி சாய்ந்துவிட்டது. ஜாதிக்காய் மரம் புதிதாக வைத்தால் காய்க்கவே ஆறேழு வருடம் ஆகும். ஒரே பயிரை நம்பியிருந்தவன் அதுவரை என்ன செய்வான்? யோசித்துப் பாருங்கள்.

இனி நம் பயணத்துக்கு வருவோம். அம்பாந்தோட்டையில் இறங்கி, வேன் பிடித்து மாத்தறைப் பக்கம் ஒரு கறுவாத் தோட்டத்துக்குப் போனோம். நாம் லவங்கப்பட்டை என்பதை அங்கே தமிழர்கள் கறுவா என்கிறார்கள். தொழிலாளி குச்சியின் மேல்தோலைச் சுரண்டுகிறார். பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்க்கிறார். கத்தியால் இரண்டு கீறல். உள்பட்டை காகிதம் மாதிரி கழன்று வருகிறது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி 42 அங்குல நீளக் குழலாக்கி, நிழலில் உலர்த்துகிறார்கள். உயர்ந்த ரகமான 'ஆல்பா'வின் விட்டம் 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவர் கையில் வெர்னியரும் இல்லை, மைக்ரோமீட்டரும் இல்லை!

நம்ம ஊர் மளிகைக் கடையில் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, ஒற்றைச் சுருள் காசியா. அது வேறு மரம், விலையும் குறைவு. இலங்கைக் கறுவாவுக்கு 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது. அந்தப் பெயர் மண்ணால் மட்டும் வந்ததல்ல, உரிக்கிற கையாலும் வந்தது.

இப்போது கடம்பத்தூர். நம் பக்கத்தில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார் தயாரானது. அது ஒரு கப்பல். வந்தது, நின்றது, போனது. அதே ஆலையில் பிறகு சிட்ரோயன் வந்தது. 2021-ல் அதன் கார் இந்தியச் சந்தைக்கு வந்தது. அது இன்னொரு கப்பல். நானும் இந்தப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறேன். எந்தக் கம்பெனி எப்போது வரும், எப்போது போகும் என்பதை நம்மில் யாரும் முடிவு செய்வதில்லை. அடுத்த கப்பல் வரும்போது கரையில் தயாராக இருக்கும் கை மட்டும்தான் நம் வசம்.

தம்பி தங்கைகளே, சிஏடி, சிஎன்சி எல்லாம் அவசியம் படியுங்கள். கூடவே டை செய்யவோ, அளவெடுக்கவோ, வெல்டிங்கில் குறை கண்டுபிடிக்கவோ, ஏதாவது ஒன்றைக் கைப்பழக்கம் வரும்வரை கற்றுக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியின் ஒரே பாகத்துக்கு மட்டும் பயன்படுகிற படிப்பு, புயலுக்கு முந்தைய ஜாதிக்காய்த் தோட்டம் மாதிரி.

பழைய மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை நம்மவர்கள் இல்லாத தொழிற்பேட்டை இல்லை. பருவத்துக்கு இரண்டு சனிக்கிழமை, உங்கள் டூல் ரூமுக்குப் பத்து மாணவர்களை அனுமதி வாங்கி அழைத்துப் போங்கள். வெறுமனே சுற்றிக் காட்டாமல், மைக்ரோமீட்டரை அவர்கள் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். என் பிரிவுக்கு முதல் பத்துப் பேரை நான் அழைத்துப் போகிறேன். பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பார்க்கலாம்.