ரேடியேட்டர் மூடியைத் திறக்கும் முன்



இன்று கார் ரேடியேட்டரைப் பற்றிப் பேசலாம் என்று போன வாரமே சொல்லியிருந்தேன். நம் மையத்துக்கு டாக்சி ஓட்டுகிற அண்ணன்கள் வருகிறார்கள். டெம்போவில் கிளீனராகப் போகிற தம்பிகளும் வருகிறார்கள். நான் பத்தாம் வகுப்பு முடித்து, மூன்று வருடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். அங்கே கற்றதைத்தான் சொல்லப் போகிறேன். "எங்கள் வீட்டில் ஏது கார்?" என்று அக்காமார் எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் வீட்டு ஆட்களின் கையும் கூலியும் இதில் இருக்கிறது.

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது? பெட்ரோலோ டீசலோ எரிகிறது. அந்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. மீதி வெப்பம் இன்ஜினிலேயே ஏறுகிறது. அதை வெளியே எடுக்காவிட்டால் உள்ளே இருக்கும் உலோகம் விரிந்து பிடித்துக்கொள்ளும். "இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது" என்கிறோமே, அது இதுதான்.

வெப்பத்தை வெளியே எடுப்பது ஒரு சின்னச் சுற்று. வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் இன்ஜினைச் சுற்றி வந்து சூடாகிறது. பிறகு மேல் ஓஸ் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்கள் வரிசையாக இருக்கின்றன. குழாய்களுக்கு நடுவே தகடுகள், தேன்கூடு மாதிரி. முன்னால் இருந்து வரும் காற்று அந்தத் தகடுகளில் பட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. ஆறிய தண்ணீர் கீழ் ஓஸ் வழியாகத் திரும்ப இன்ஜினுக்குப் போகிறது. வண்டி நிற்கும்போது காற்று வராது. அப்போது பேன் சுற்றுகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்ற ஒரு கதவு உண்டு. இன்ஜின் சூடான பிறகுதான் அது திறக்கும். பல ஆட்டோக்களில் இந்த ரேடியேட்டரே கிடையாது, காற்றுதான் குளிர வைக்கிறது. மின்சாரக் காரில் இன்ஜின் இல்லை. ஆனால் பேட்டரியைக் குளிர வைக்கப் பல கார்களில் ரேடியேட்டர் வைத்திருக்கிறார்கள்.

இனி மூடிக்கு வருவோம். எல்லாரும் கவனமாகக் கேளுங்கள்.

வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. விசில் அடங்கும் முன் அதன் மூடியை எந்த அக்காவாவது திறப்பார்களா? மாட்டார்கள். ரேடியேட்டர் மூடியும் குக்கர் மூடி மாதிரிதான். உள்ளே அழுத்தத்தை அடக்கி வைக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அழுத்தம் இருப்பதால் ரேடியேட்டருக்குள் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியே அழுத்தம் போய்விடும். அதுவரை சும்மா இருந்த தண்ணீர் ஒரே பாய்ச்சலாக ஆவியாகி மேலே அடிக்கும். முகம், கழுத்து, கை எல்லாம் வெந்துபோகும். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு கிளீனர் பையன் வருவான். முழங்கை வரை தோல் சுருங்கி இருக்கும். "சீக்கிரம் ஊத்துடா, லோடு போகணும்" என்று யாரோ அவசரப்படுத்தினார்களாம். அவசரப்படுத்தியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியே சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இங்க், பற்பசை, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம்.

வழியில் வண்டி சூடாகிறது. மீட்டர் முள் ஆங்கிலத்தில் "எச்" என்ற எழுத்தை நோக்கிப் போகிறது. என்ன செய்யலாம்? ஏசி ஓடினால் நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் அதை முழுசாக வையுங்கள். கோடையில் ஹீட்டரா என்று சிரிப்பீர்கள். ஆனால் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் அது வெளியே இழுக்கும். அதற்கும் முள் இறங்கவில்லையா? ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆவி வந்தால் பானெட்டைத் தொடாதீர்கள். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். பிறகு மேல் ஓஸை லேசாகத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. ஆறிய பிறகும், தடித்த துணியை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மெதுவாகத் திருகுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது. கொதிக்கிற கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றின மாதிரி, சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். பார்ட்டி பின் சீட்டில் உட்கார்ந்து முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். ஹெட் வேலை வந்தால் செலவு அவர் தலையில் விழாது.

சரி, இந்த நிலைமை வராமல் இருக்க என்ன செய்வது? காலையில் வண்டியை எடுக்கும் முன் இரண்டு நிமிடம் போதும். அப்போது இன்ஜின் குளிர்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு வெள்ளை டப்பா இருக்கும். அதில் இரண்டு கோடுகள். கீழ்க் கோட்டில் "மின்" என்றும் மேல்கோட்டில் "மேக்ஸ்" என்றும் ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே மட்டம் நிற்க வேண்டும். அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பச்சையோ சிவப்போ கறை இருந்தால் கூலன்ட். நிறமில்லாத சுத்தமான தண்ணீர் என்றால், பெரும்பாலும் ஏசியிலிருந்து சொட்டியது. பயம் இல்லை. அட்டையில் கறையே இல்லை, ஆனாலும் மட்டம் இறங்குகிறது என்றால்தான் கவலை. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்குமேல் ஓட்டக் கூடாது.

நம் டிரைவர்களில் பலர் பங்க்கில் ஒரு மக் தண்ணீர் பிடித்து ஊற்றுவார்கள். போர் தண்ணீர் வைத்த பானையின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதுவேதான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். குழாய் அடைத்தால் எவ்வளவு ஊற்றியும் சூடு இறங்காது. அவசரத்துக்கு ஊற்றலாம், பழக்கமாக்கக் கூடாது. கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். அது உப்புப் படிவதையும் துருவையும் தடுக்கும். நம் நாட்டில் எல்லா வெயிலும் எல்லாக் குளிரும் உண்டு. 2016 மே மாதம் ராஜஸ்தானில் பலோடி என்ற ஊரில் 51 டிகிரி வெயில் அடித்தது. லடாக்கில் லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே ஊரில் குளிர்காலத்தில் வெறும் தண்ணீர் உறைந்து, விரிந்து, இன்ஜின் பிளாக்கையே பிளக்கும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரியிலும் உறையாது. லோடு எடுத்துக்கொண்டு வடக்கே போகிற அண்ணன்கள் இதை நினைவில் வையுங்கள்.

டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். சில கூலன்ட் அப்படியே ஊற்றுவது. சிலவற்றில் தண்ணீர் கலக்க வேண்டும். கலப்பது டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். நிறத்தைப் பார்த்து ஒரே ரகம் என்று நம்பி இரண்டைச் சேர்த்து ஊற்றாதீர்கள். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்று வண்டியின் புத்தகத்தில் இருக்கும். இன்னொன்று, கூலன்ட் பெரும்பாலும் விஷம். ஆனால் இனிக்கும். குழந்தையோ நாயோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

ரோட்டில் நெல்லோ கம்போ காயப்போடுகிற காலத்தில் உமியும் தூசியும் ரேடியேட்டர் முகத்தில் அப்பிக்கொள்ளும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் குழாயை வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப் வரைக்கும் சில சமயம் கொண்டு சேர்க்கும். அதோடு சரி. அதுவே பிறகு குழாயையும் அடைக்கும். பழைய அம்பாசடர் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றிவிடலாம். இப்போது வருவது பெரும்பாலும் அலுமினியம், மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி. தொட்டி விரிந்தால் பிசின் தடவி ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிதாக மாற்றுவதே மலிவு.

மாற்றும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றுங்கள். கரண்ட் பேன் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும், விரலை வெட்டும். கீழே தட்டு வைத்துக் கூலன்ட்டை வடியுங்கள். அதைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். ஓஸ், பேன், போல்ட்டு எல்லாம் கழற்றி ரேடியேட்டரை மேலே தூக்குங்கள். முன்னால் இருக்கும் ஏசி குழாயை அவிழ்க்கக் கூடாது, உள்ளே கேஸ் இருக்கிறது. கியர் தானாக மாறும் காராக இருந்தால் கியர் ஆயில் குழாயும் ரேடியேட்டருக்கு வரலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஓஸ் வாய் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று. அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மறக்காதீர்கள். ஓஸ் உப்பியோ வெடித்தோ இருந்தால் அதையும் கிளிப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

பொறுமை வேண்டியது ஊற்றும்போதுதான். மெதுவாக ஊற்றுங்கள். மூடியைப் போடாமல் இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரையும் வையுங்கள். குமிழ் குமிழாகக் காற்று வெளியே வரும், மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். உள்ளே காற்று நின்றால் புது ரேடியேட்டரும் சூடாகும். குமிழ் நின்றதும் மூடியைப் போடுங்கள். பேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும் வரை பாருங்கள். மறுநாள் காலை குளிர்ந்த பிறகு மட்டத்தைச் சரிபாருங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் மாற்றினால் பழைய ரேடியேட்டரைக் கேட்டு வாங்குங்கள். மாற்றினார்களா என்பதும் தெரியும், பழைய இரும்புக் கடையில் காசும் கிடைக்கும்.

வாருங்கள், வாசலில் டெம்போ காலையிலிருந்து நிற்கிறது. பானெட்டைத் திறந்து, இரண்டு கோட்டையும் முதலில் யார் படித்துச் சொல்கிறீர்கள் என்று பார்ப்போம்.