மேவிபோசேத்துக்குக் கிடைத்த இடம்

கிறிஸ்தவர்கள் அடிக்கடி சொல்லும் இரண்டு சொற்களைப் பற்றி இன்று பேசுகிறேன். ஒன்று உடன்படிக்கை, மற்றது கிருபை.

உடன்படிக்கை என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் உடன்பட வேண்டும். ஒருவர் தவறினால் மற்றவர் விலகிக்கொள்ளலாம். நமக்குத் தெரிந்த ஒப்பந்தம் அதுதான். ஆனால் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் வருவது வேறுமாதிரி இருக்கிறது.

அந்தக் காலத்தில் விலங்குகளை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைத்து, நடுவே நடந்துபோகும் வழக்கம் இருந்தது. சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதி வரட்டும் என்பது அதன் பொருள். எரேமியா 34ஆம் அதிகாரத்திலும் இந்த வழக்கத்தைப் பார்க்கலாம். ஆபிராம் விலங்குகளைப் பிளந்து வைக்கிறார். அவற்றின்மேல் வந்து இறங்கும் பறவைகளைத் துரத்துகிறார். பொழுது சாயும்போது அயர்ந்து தூங்கிவிடுகிறார். இருட்டில் புகைகிற சூளையும் தீச்சுடரும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. ஆபிராம் நடக்கவே இல்லை. ஒப்பந்தத்தின் சாபத்தைக் கடவுள் ஒருவரே தம்மேல் ஏற்றுக்கொள்கிறார் என்று கிறிஸ்தவ வாசிப்பு இதை எடுத்துக்கொள்கிறது.

இப்படிப்பட்ட உடன்படிக்கை ஒரு மனிதனின் வாழ்க்கையில் எப்படி இருக்கும்? இரண்டாம் சாமுவேல் 9ஆம் அதிகாரத்துக்கு வருவோம்.

சவுல் ராஜாவும் அவர் மகன் யோனத்தானும் போரில் இறந்த செய்தி வருகிறது. யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு அப்போது ஐந்து வயது. தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அவன் கீழே விழுந்து இரண்டு கால்களும் முடமாகின்றன. பிறகு லோதேபாரில், இன்னொருவர் வீட்டில் வாழ்கிறான். தாவீது ராஜாவாகி அரசு நிலைத்தபின், சவுலின் வீட்டில் யாராவது மீதியிருக்கிறார்களா என்று கேட்கிறார். பழைய அரசனின் வாரிசைப் புதிய அரசன் தேடினால் என்ன நடக்கும் என்பது அன்று எல்லோருக்கும் தெரியும். மேவிபோசேத் முகங்குப்புற விழுகிறான். தன்னைச் செத்த நாய் என்கிறான். தாவீது அதை மறுத்து வாதாடவில்லை. பாட்டனின் நிலங்களைத் திருப்பித் தருகிறார். தன் பந்தியில் நிரந்தரமாக ஓர் இடம் தருகிறார். காரணம் யோனத்தான். அவர்கள் இருவரும் செய்த உடன்படிக்கையில் மேவிபோசேத்துக்குப் பங்கே இல்லை. அவன் அப்போது பிறந்திருந்ததாகக்கூட கதை சொல்லவில்லை.

இந்தத் தயவுக்கு எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் 'கெசத்'. கொடுத்த வாக்குக்காக விடாமல் காட்டும் அன்பு அது. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் அதே சொல் வருகிறது. அங்கே நம் தமிழ் வேதாகமம் அதைக் கிருபை என்கிறது. புதிய ஏற்பாட்டில், தகுதி பாராமல் இலவசமாகத் தரப்படுவதைக் குறிக்கும் 'காரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் கிருபை என்றே வைத்திருக்கிறார்கள். விடாத அன்பும் விலையில்லாத கொடையும் தமிழில் ஒரே சொல்லில் சேர்ந்துவிட்டன. தமிழில் வேதம் படிப்பவருக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு இது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேவிபோசேத்தின் ஊனத்தைப் பாவத்துக்கு உவமையாக்கிப் பிரசங்கிப்பவர்கள் உண்டு. கதை அப்படிச் சொல்லவில்லை. அவன் விழுந்தது அவன் குற்றமில்லை. ராஜாவிடம் கேட்க அவனுக்கு எந்த உரிமையும் இல்லை என்பதுதான் அவனை நம் எல்லோரோடும் சேர்க்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. 21ஆம் அதிகாரத்தில் இதே தாவீது சவுலின் வழிவந்த ஏழு பேரைச் சாவுக்கு ஒப்புக்கொடுக்கிறார். யோனத்தானுக்குக் கொடுத்த ஆணைக்காக மேவிபோசேத்தை மட்டும் தப்பவிடுகிறார். அப்படியானால் மற்றவர்களுக்கு யார்? இந்தக் கேள்வியை மூடிவிட்டுக் கிருபையைப் பேசுவது நேர்மையாகாது. தாவீதின் தயவு அவன் நண்பனின் வீட்டோடு நின்றுவிடுகிறது.

பவுல் ரோமர் 5ஆம் அதிகாரத்தில் அந்த எல்லையைத் தாண்டுகிறார். கிறிஸ்து யாருக்காக இறந்தார் என்று சொல்லும்போது பெலனற்றவர்கள், பாவிகள், சத்துருக்கள் என்று படிப்படியாகப் போகிறார். திருந்தியவர்களுக்காக என்று அவர் சொல்லவில்லை. கடைசி இராப்போஜனத்தில் இயேசு கிண்ணத்தை எடுத்து அதைத் தம் இரத்தத்தினாலான புதிய உடன்படிக்கை என்கிறார். அந்தப் பந்தியில் மறுதலிக்கப்போகிறவனும் இருந்தான், காட்டிக்கொடுக்கப்போகிறவனும் இருந்தான். லூக்கா அப்படித்தான் எழுதுகிறார். ஆபிராம் தூங்கிய இரவில் ஏற்றுக்கொண்ட சாபத்தைக் கடவுள் சிலுவையில் சுமந்து தீர்த்தார் என்பது கிறிஸ்தவ விசுவாசம்.

எல்லாம் இலவசம் என்றால் மனிதன் ஏன் திருந்த வேண்டும் என்று கேட்கலாம். பவுலே 6ஆம் அதிகாரத்தில் அதைக் கேட்டு, கூடவே கூடாது என்கிறார். பந்தியில் உட்காரவைக்கப்பட்டவன் அந்த வீட்டுப் பிள்ளையாக வாழக் கற்றுக்கொள்கிறான். இடத்தைச் சம்பாதிக்க வேண்டிய பயம் அவனுக்கு இனி இல்லை.

மேவிபோசேத் நாள்தோறும் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டான், அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது என்று சொல்லி அந்த அதிகாரம் முடிகிறது. கால் குணமாகவில்லை, இடமும் பறிபோகவில்லை. கிருபை என்ற சொல்லை இனி எங்கே கேட்டாலும் அந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.