மண் கரையைக் கட்டினால் போதுமா? காப்பது யார்?

(தொழிலாளர் – விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

அணை என்று சொன்னால் நம் கண்முன் மேட்டூர் வரும், பக்ரா வரும். பத்திரிகையில் படம் வரும், மந்திரிகள் வந்து திறந்து வைப்பார்கள். இன்று நான் பேசப் போவது அப்படிப்பட்ட அணையைப் பற்றி அல்ல. ஒரு ஓடையின் குறுக்கே, இரண்டு மேடுகளுக்கு நடுவே, முப்பது நாற்பது அடி உயரத்தில் மண்ணால் போட்ட சிறு கரையைப் பற்றித்தான். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாகாணத்தில், வாஷிட்டா என்ற ஆற்றின் மேற்பகுதியில் இந்த வேலை தொடங்கியது.

“அமெரிக்காவில் கரை போட்டால் நமக்கென்ன?” என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மண் எங்கும் மண்தான். தண்ணீர் எங்கும் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். கரை உடைந்தால் முதலில் அடிபடுகிறவன் கீழே குடியிருக்கிறவன். அந்தக் கணக்கு எந்த நாட்டிலும் மாறுவதில்லை.

வெள்ளம் எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். அந்தப் பிரதேசம் செயென், அரபாஹோ என்ற பூர்வகுடி மக்களின் பூமி. 1892ல் சர்க்கார் அதைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. வேர் ஆழமாக இறங்கிய புல்வெளியை ஏர் பிடித்து உழுதார்கள். முதல் உலக யுத்தத்தின்போது கோதுமை விலை ஏறியதும் சரிவான மேட்டு நிலத்தையும் விடவில்லை. 1930களில் ஓக்லஹோமா விவசாயிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குத்தகைதாரர்கள். அடுத்த வருஷம் அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவன், அதில் வரப்புப் போடுவானா, மண்ணைக் காப்பானா? குத்தகை கட்ட வேண்டும், கடன் அடைக்க வேண்டும். அதனால் விளிம்பு வரை உழுதான். குற்றம் அவன் கையில் இல்லை, அவனைப் பிடித்திருந்த முறையில் இருந்தது.

புல் போனது, மழைநீரைக் குடிக்க வேர் இல்லை. விழுந்த மழை சிவப்பு மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்கு ஓடியது. 1934 ஏப்ரலில் வாஷிட்டாவின் மேற்பகுதியில் கொட்டிய மழையில் ஹாமன் என்ற ஊரின் பக்கத்தில் 17 பேர் வெள்ளத்தில் மாண்டார்கள். அதே 1930களில் வறட்சி வந்தது. காய்ந்த மண் புழுதிப் புயலாக எழுந்து வானத்தை மறைத்தது. பல குத்தகைக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு மேற்கே கலிபோர்னியாவுக்குக் கூலிக்குப் போயின.

இவ்வளவும் நடந்த பிறகே சர்க்கார் அசைந்தது. 1935ல் மண் பாதுகாப்பு இலாகா அமைந்தது. 1944ம் வருஷத்து வெள்ளத் தடுப்புச் சட்டம் 11 ஆற்றுப் பகுதிகளில் வேலை செய்ய அனுமதி தந்தது; வாஷிட்டா அதில் ஒன்று. 1948 ஜூலையில் கார்டெல் என்ற ஊருக்கு அருகே, கிளவுட் என்ற ஓடையில் முதல் சிறு அணை முடிந்தது. அதன்பின் சாண்ட்ஸ்டோன் ஓடையின் கிளைகளில் மட்டும் 24 அணைகள் எழுந்தன. 1954ல் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. இன்று அங்கே இந்தத் திட்டங்களின் கீழ் கட்டிய சிறு அணைகள் பதினோராயிரத்துக்கு மேல். அதில் இரண்டாயிரத்துக்கு மேல் ஓக்லஹோமாவில் மட்டும்.

இந்த அணை எப்படி வேலை செய்கிறது? நம் ஏரியோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். ஏரி நிறைந்திருந்தால் ஊருக்குச் சந்தோஷம். இந்த அணையின் வெள்ளக் கொள்ளளவோ காலியாக இருக்க வேண்டும்! அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வண்டல் படிவதற்கென்றே ஒதுக்கிய பள்ளம் அது. அதற்கு மேலே உள்ள இடம் முழுவதும் வரப்போகும் வெள்ளத்துக்கு. தண்ணீருக்குள் கிணற்று உறைபோல் ஒரு கான்கிரீட் தூண் நிற்கும். மழை பெய்து நீர் அதன் வாய்க்கு மேல் ஏறினால் உள்ளே விழுந்து, கரையின் அடியில் புதைத்த குழாய் வழியே மெதுவாக வெளியேறும். சில மணி நேரத்தில் பாய வேண்டிய வெள்ளம் பல நாட்களில் வடியும். ஆளைத் திறக்கச் சொல்ல வேண்டாம், மூடச் சொல்ல வேண்டாம்.

அளவுக்கு மீறி மழை வந்தால்? கரையின் ஒரு கோடியில், வெட்டாத பூமியில் புல் வளர்த்த அகன்ற வாய்க்கால் இருக்கும். அதுதான் நம் கலிங்கு. மண் கரையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் கரை கரைந்துபோகும். ஆகவே கலிங்கு எப்போதும் கரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். கலிங்கை அடைத்து அதில் வேலி போடுகிறவன், மரம் நடுகிறவன், கீழே உள்ள அத்தனை பேர் தலையிலும் கை வைக்கிறான்.

கரை போடுவதும் சாமான்ய வேலை அல்ல. அடியில் அகழி வெட்டிக் களிமண் நிரப்ப வேண்டும். மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஈரம் பார்த்து, ஆட்டுக் குளம்பு போன்ற முனைகள் நிறைந்த இரும்பு உருளையை மேலே ஓட்ட வேண்டும். காய்ந்த மண் சேராது. சேறான மண் நெகிழும். இரண்டுக்கும் நடுவே சரியான ஈரப்பதம் ஒன்று உண்டு. ப்ராக்டர் என்ற எஞ்சினீயர் 1933ல் அதை அளக்கும் முறையை எழுதினார். கரை போட்ட கிழவர்கள் மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்து அறிந்ததை அவர் எண்ணாக்கினார்.

இங்கே ஒரு முக்கியமான பாடம். ஓக்லஹோமாவிலும் மிஸிஸிப்பியிலும் சில கரைகள், நன்றாகக் கட்டியும், முதன்முதலாகத் தண்ணீர் ஏறியபோதே உடைந்தன. 1970களின் தொடக்கத்தில் நிபுணர்கள் காரணத்தை வெளியிட்டார்கள். சோடிய உப்பு மிகுந்த களிமண் அது. நாம் களர் என்கிறோமே, அந்த ஜாதி. அதில் ஒரு சிறு கட்டியைத் தெளிந்த தண்ணீரில் போட்டால் கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் கலங்கும். கரையில் ஒரு மயிரிழை வெடிப்பு விட்டால் போதும். தண்ணீர் அதன் வழியே மண்ணைக் கரைத்துச் சுரங்கம் அறுத்துவிடும். குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் போட்டால் கசிவு நிற்கும் என்று முன்பு நம்பினார்கள். 1980களில் அதைக் கைவிட்டு, குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைக்கத் தொடங்கினார்கள். மணல் தண்ணீரை விடும், மண்ணை விடாது.

சின்ன அணைதான் சர்வரோக நிவாரணி என்றும் நினைக்க வேண்டாம். 1950களில் அமெரிக்காவில் பெரிய அணையா சிறிய அணையா என்று பலத்த வாதம் நடந்தது. பெரிய நீர்த்தேக்கம் நல்ல விளைநிலத்தையே முழுக்கிவிடுகிறது என்று கன்ஸாஸில் டட்டில் கிரீக் அணையை விவசாயிகள் எதிர்த்தார்கள். 1962ல் அணை முடிந்தது, ஊர்கள் காலியாயின. சிறு அணை ஊரை முழுக்குவதில்லை. ஆனால் அது தன் ஓடைக்கரையைத்தான் காக்கும். நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் பெரிய ஆற்றில் வரும் மகா வெள்ளத்தை ஓடைக்கரை அணைகள் நிறுத்தாது. இரண்டும் உண்மை.

இப்போது பணத்துக்கு வருவோம். 1954ம் வருஷச் சட்டப்படி வெள்ளத் தடுப்புக் கட்டுமானச் செலவை மத்திய சர்க்கார் ஏற்றது. நிலம் தருவதும், கட்டிய பிறகு பராமரிப்பதும் உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பு. கட்டும்போது கண்ட்ராக்டர் வருகிறான், சிமெண்ட் விற்கிறது, திறப்பு விழா நடக்கிறது. பராமரிப்பில் விழா இல்லை. கரையில் முளைத்த மரத்தை வெட்டுவதற்கும், எலி வளையை அடைப்பதற்கும், துருப்பிடித்த குழாயைப் பார்ப்பதற்கும் யார் மாலை போடுவார்கள்?

அணைகளில் பெரும்பாலானவை 50 வருஷ ஆயுளுக்கென்று திட்டமிடப்பட்டவை. கிளவுட் ஓடை அணைக்கு 1998லேயே ஐம்பது முடிந்தது. பழுது பார்க்க மத்திய சர்க்கார் பணம் தரும் சட்டம் 2000ம் ஆண்டில்தான் வந்தது. நூற்றுக்கு 65 பங்கு அது தரும், 35 பங்கை உள்ளூர் தேட வேண்டும். கையில் காசில்லாத ஊர் எங்கே போகும்?

இதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. கட்டியபோது பல அணைகளுக்குக் கீழே வயலும் மேய்ச்சல் நிலமும்தான். “அணை இருக்கிறதே, வெள்ளம் வராது” என்று கீழே வீடுகளும் சாலைகளும் வந்தன. அதனால் அணை ஒரு அங்குலமும் மாறாமலே “அதிக அபாய” வகுப்புக்கு ஏறியது. அதிக அபாயம் என்றால் கரை மோசம் என்று பொருள் அல்ல. உடைந்தால் உயிர் போகும் என்று பொருள். வயலைக் காக்கப் போட்ட கரையின் பலம், குடும்பங்களைக் காக்கப் போதாது. கலிங்கை அகலப்படுத்த வேண்டும், கரையை உயர்த்த வேண்டும்.

தோழர்களே! கரையில் வேலை செய்கிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். கரையின் அடிவாரத்தில் தெளிந்த நீர் கசிந்தால் கவனித்துச் சொல்ல வேண்டும். கசியும் நீர் கலங்கலாக வந்தால் ஓடிச் சொல்ல வேண்டும். கலங்கல் என்றால் உள்ளே மண் போகிறது. அதை முதலில் பார்க்கிறவர் ஆபீஸில் இருக்கும் அதிகாரி அல்ல. புல் அறுக்கிற, மாடு மேய்க்கிற உழைப்பாளிதான்.

எந்த ஊரிலாவது மண் அணை கட்டுகிறோம் என்று சொன்னால் நாம் கேட்க வேண்டியவை நான்கு. எந்த மண், சோதித்தீர்களா? கலிங்கு எங்கே, அதன் அகலம் என்ன? கரைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள்? கரையைக் காக்கும் ஆளின் வருஷக் கூலி எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது? நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் திட்டம் பாதிதான் தயார். மீதிப் பாதியையும் எழுதி வாங்கிய பிறகே முதல் கூடை மண் விழ வேண்டும்.