கிண்ணமும் திடலும்



1976ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கின் இறுதியாட்டம் நடைபெற்றது. போர்த்துக்கல்லின் புகழ்பெற்ற வீரர் யுசேபியோ முதற் கோலை அடிக்க, ரொறன்ரோ மெற்றோஸ்-குரோசியா அணி மினசோட்டா கிக்ஸ் அணியை 3-0 என வென்றது.

அப்பெயரின் பின்பாதி ரொறன்ரோவில் குடியேறிய குரோசியருக்கு உரியது. 1956இல் அவர்கள் தொடங்கிய கழகம் 1975இல் மெற்றோஸ் அணியுடன் இணைந்தது. அந்நாளில் குரோசியா தனிநாடு அன்று. யூகோசுலாவியாவின் ஒரு குடியரசாகவே இருந்தது. அணிகள் இனப்பெயர் தாங்குவதை லீக் விரும்பவில்லை. இறுதியாட்டத்தை ஒளிபரப்பிய அமெரிக்கத் தொலைக்காட்சியும் அணியை 'ரொறன்ரோ' என்று மட்டுமே அழைத்தது.

கிண்ணம் கிடைத்தது, ஆனால் இடம் நிலைக்கவில்லை. 1979இல் அணி கைமாறி, 'ரொறன்ரோ பிளிசார்ட்' எனப் பெயரும் மாறியது. ஆயினும் குரோசியர் தமது கழகத்தைக் கைவிடவில்லை. உள்ளூர்ப் போட்டிகளுக்குத் திரும்பி, 2007, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் கனேடிய உதைபந்தாட்ட லீக்கின் வாகையராயினர். பெரிய அரங்கு கைவிட்டுப் போன பின்னரும் கழகத்தைத் தாங்கியவர்கள், வாரந்தோறும் திடலோரம் வந்து நின்ற அதன் மக்களே.

யாழ்ப்பாணத்தார்க்கு இது புதிய செய்தியன்று. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் எனக் கழகத்தை ஊரோடு சேர்த்தே சொல்வது அங்குள்ள வழக்கம். ஊர்த்திடல் என்பது ஆடுகளம் மட்டுமன்று. முதியோர் கூடும் இடம், சிறுவர் பெரியோரைக் கண்டு பழகும் இடம்.

ரொறன்ரோவில் ஊர்த்திடல் இல்லை. மாநகரசபையின் மைதானங்களில் நாளும் நேரமும் குறித்து அனுமதி பெற்றே ஆட வேண்டும். விண்ணப்பத்திற்குரிய நாள் தவறினால் அப்பருவத்தின் நல்ல நேரங்கள் பிறர் கைக்குப் போய்விடும். கோடை முழுவதும் இடம் மாறி மாறி அலையும் அணியைப் பார்க்க எந்தப் பாட்டியும் வரமாட்டார். எந்தச் சிறுவனும் அதைத் தன் அணி என்று சொல்லமாட்டான்.

ஆகவே பெற்றோர் பிள்ளையைத் திடலில் இறக்கிவிட்டுச் சென்றுவிடாமல், ஆட்டம் முடியும்வரை அங்கு நிற்றல் வேண்டும். ஆங்கிலத்தில் தேர்ந்த இளையோர், விண்ணப்பம் எழுதுவதையும் நகரசபை உறுப்பினரைச் சந்திப்பதையும் தம் பொறுப்பாக ஏற்றல் வேண்டும். கழகங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு நேரத்தை இழக்காமல், கூடிப் பேசிப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும்.

ஒரே திடல், ஒரே கிழமை, ஒரே நேரம் என்று பத்து ஆண்டுகள் தொடர்ந்தால், அனுமதித் தாளில் எவர் பெயர் இருப்பினும் அத்திடல் தமிழ்ப் பிள்ளைகளின் நினைவில் சொந்தத் திடலாகவே நிலைத்திருக்கும்.