விரல் மூட்டு வலியும் குரோஷே ஊசியும்

விரல் மூட்டு வலிக்கிறதே என்று ஸ்வெட்டர் ஊசியையும் குரோஷே ஊசியையும் பரணில் ஏற்றிவிட்டவர்கள் நிறையப் பேர். அவசரப்பட வேண்டாம்.

மெல்லிய குரோஷே ஊசியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடித்தாக வேண்டும். அந்த அழுத்தம் கட்டைவிரலின் அடி மூட்டில் போய் இறங்கும். மூட்டுத் தேய்மானம் அடிக்கடி வருகிற இடமும் அதுதான். எனவே பிடியைப் பருமனாக்குங்கள். தண்டில் ஸ்பாஞ்சைச் சுற்றி ஒட்டினாலே கை தளர்ந்து பிடிக்கும்.

நூலையும் பாருங்கள். பருத்தி நூல் அவ்வளவாக இழுபடாது. கண்ணிக்குக் கண்ணி விரல்தான் உழைக்கும். கம்பளி நூல் நெகிழ்ந்து கொடுக்கும். ஊசிகளால் போர்வை பின்னுகிறவர்களுக்கு வட்ட ஊசி நல்லது. கனம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கும்.

உட்காருமுன் வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் கையை வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை விரித்து மடக்குங்கள். 'இந்த ஒரு வரிசையை முடித்துவிட்டு எழுந்திருக்கிறேன்' என்கிற ஆசைதான் வலியைக் கூட்டுகிறது.

காலையில் விரல்கள் வீங்கி, 1 மணி நேரம் தாண்டியும் மடங்க மறுத்தால், அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.