ஸ்டிக்கர் வேண்டாம், ஒரு டவுட் கேளுங்க

இந்த வாரம் டெக் இல்ல. எங்க அம்மாவைப் பத்திப் பேசப் போறேன். அவங்களையே பேசச் சொல்லிக் கூப்பிட்டேன். "முப்பது வருஷம் தொண்டை கிழியப் பேசினது போதும்டா, நீயே சொல்லிக்கோ"ன்னுட்டாங்க.

அம்மா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பெரும்பாலும் ஒண்ணாம் வகுப்புதான். கணக்குப்படி 2020 மே 31-ல ரிட்டயர் ஆகியிருக்கணும். மார்ச்ல கொரோனா வந்து பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. மே மாசம் அரசு ஓய்வு வயசை 58-ல இருந்து 59 ஆக்குச்சு. அடுத்த பிப்ரவரியில 60 ஆச்சு. ஆக, ரெண்டு வருஷம் எக்ஸ்ட்ரா சர்வீஸ். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா மட்டும், "பசங்களே இல்லாம எதுக்குடா வேலை?"ன்னு கேட்டாங்க.

அவங்க வகுப்பு உயிர்மெய் எழுத்துல பாதியில நின்னிருந்தது. "'கெ', 'கே' ரெண்டையும் குழப்பிக்கிறாங்க. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டு வந்தேன்"னு அதையே சொல்லிக்கிட்டு இருப்பாங்க. அந்த அடுத்த வாரம் வரவே இல்ல.

நான் அப்போ இன்ஜினியரிங் முடிச்சு முதல் வேலை, வொர்க் ஃப்ரம் ஹோம். எல்லாத்துக்கும் என்கிட்ட தீர்வு இருக்குன்னு ஒரு நினைப்பு. "வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடும்மா, ஒரு தடவை எடுத்தா எத்தனை பேர் வேணா பார்க்கலாம்"னேன். அரிசி டப்பா மேல போனைச் சாய்ச்சு வெச்சு ரெக்கார்டு பண்ண ஆரம்பிச்சோம். ரெண்டே நிமிஷத்துல நிறுத்திட்டாங்க.

"யாருக்குப் புரியலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"புரியாதவங்க மெசேஜ்ல கேட்பாங்கம்மா."

"புரியாத பையன் கேட்கவே மாட்டான்டா. பென்சிலைச் சீவிக்கிட்டே இருப்பான்."

எனக்குப் பதில் வரல. அதுவும் போக, 26 பிள்ளைங்கள்ல 9 வீட்ல தான் ஸ்மார்ட்போன். அதுவும் காலையில அப்பாவோட வேலைக்குப் போயிடும்.

சத்துணவுக்குப் பதிலா அரிசி, பருப்பு கொடுத்தாங்க இல்லையா, அன்னைக்கு பெற்றோர் பள்ளிக்கு வருவாங்க. அம்மா ஆளுக்கொரு தாள்ல அஞ்சு வார்த்தை எழுதிக் கொடுத்து, "பிள்ளையைப் பார்த்து எழுதச் சொல்லுங்க, அடுத்த தடவை கொண்டு வாங்க"ன்னு அனுப்புவாங்க. சில தாள் திரும்பி வந்தது. நாலஞ்சுல பெரியவங்க கையெழுத்து, ஒரு தப்பு இல்ல. அம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு. "எனக்கு அந்தத் தப்புதான்டா வேணும். அது இருந்தாத்தானே எனக்கு வேலை."

2021 நவம்பர் 1-ஆம் தேதி தொடக்கப் பள்ளிகளைத் திறந்தாங்க. ஒண்ணாம் வகுப்புல விட்டுட்டு வந்த பிள்ளைங்க இப்போ மூணாம் வகுப்பு. அம்மா ஹெச்.எம். கிட்டப் போய் மூணாம் வகுப்பைக் கேட்டு வாங்கினாங்க. பாதிப் பேருக்கு எழுத்தே மறந்திருந்தது. ஒரு பொண்ணுக்கு மாஸ்க் போட்ட அம்மாவை அடையாளமே தெரியல. குரலைக் கேட்டதும்தான், "ஐ, நம்ம டீச்சர்!"னாளாம். அதைச் சொல்லும்போது இன்னைக்கும் அம்மா குரல் மாறிடும்.

ஜனவரியில மறுபடி மூடி, பிப்ரவரியில திறந்தாங்க. ரெண்டு வருஷ நீட்டிப்புல பிள்ளைங்களோட கிடைச்சது ஆறு மாசம் இருந்தா அதிகம். எல்லாரும் சரளமா வாசிச்சாங்கன்னு சொன்னா பொய். நாலு பேருக்குக் கடைசி வரைக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரல. 2022 மே 31 ராத்திரி அம்மா மாலையைப் பத்தியோ பிரிவு உபசார விழாவைப் பத்தியோ பேசல. அந்த நாலு பேர் பேரை வரிசையா சொன்னாங்க. இப்பவும் ஜூன்ல பள்ளி திறக்கிற அன்னைக்கு அஞ்சு மணிக்கே எழுந்திருச்சு, ஏன் எழுந்தோம்னு தெரியாம வாசல்ல உட்கார்ந்திருப்பாங்க.

இது எனக்கும் ஒண்ணு கத்துக் கொடுத்துச்சு. ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு நான்தான் கோட்பேஸ் விளக்குறேன். "எனி க்வெஸ்டின்ஸ்?"னு கேட்டா எல்லாரும் மியூட். முன்னாடி எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சுன்னு காலைக் கட் பண்ணிடுவேன். இப்போ எங்கேயோ யாரோ பென்சில் சீவுறாங்கன்னு தோணும். தனித்தனியா கூப்பிட்டு, ஸ்கிரீன் ஷேர் பண்ணி, "நீ செஞ்சு காட்டு"ன்னு சொல்றேன்.

போன ஆசிரியர் தினத்துக்கு அம்மாவுக்கு நிறைய ரோஜாப்பூ ஸ்டிக்கர் வந்தது. எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போட்டாங்க. சாயங்காலம் பழைய மாணவி ஒருத்தங்க போன் பண்ணி, "டீச்சர், என் பொண்ணு 'ர', 'ற' ரெண்டையும் மாத்தி மாத்தி எழுதுறா, என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. முக்கால் மணி நேரம். அடுப்புல தோசை கருகிப் போச்சு. அன்னைக்கு ராத்திரி அம்மா அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க.

அதனால மக்களே, உங்க டீச்சர் நம்பர் இருந்தா இந்த வாரம் ஒரு போன் போடுங்க. நன்றி கடைசியில சொல்லிக்கலாம். முதல்ல ஒரு டவுட் கேளுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.