மழலையர் கண்ணொளி காப்போம்
(விழா அரங்கில் ஆற்றிய உரை)

 

வளர்ந்தவர்க்குப் பார்வை மங்கினால் அவரே சொல்லிவிடுவார். குழந்தை சொல்லாது. பிறந்தது முதல் மங்கலாகவே கண்டு பழகிய குழந்தை, உலகமே அப்படித்தான் என்று எண்ணிக்கொள்ளும். ஆதலின் அதன் குறையை நாம்தாம் கண்டறிதல் வேண்டும்.

ஆசிரியப் பணியில் நான் கண்டதொன்றைக் கூறுகிறேன். கரும்பலகையைப் பாராமல் பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதும் மாணவனை 'மந்தம்' என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அத்தகையோருள் சிலர்க்கு வேண்டியது கண்டிப்பு அன்று, கண்ணாடி.

கண் பார்க்கிறது என்கிறோம். உண்மையில் கண்ணும் மூளையும் கூடியே பார்க்கின்றன. ஏறத்தாழ ஏழெட்டு வயது வரை மூளை பார்க்கப் பழகும் பருவம். அப்பருவத்தில் ஒரு கண் மாறுகண்ணாக இருந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் குறை மிகுந்திருந்தாலோ, அது தரும் காட்சியை மூளை ஒதுக்கிவிட்டு, நல்ல கண்ணையே நம்பத் தொடங்கும். இதனைச் 'சோம்பேறிக் கண்' என்பர். பல குழந்தைகளுக்கு வெளித்தோற்றத்தில் எக்குறையும் தெரியாது. உரிய வயதில் கண்டறிந்தால், கண்ணாடி அணிவித்தும், மருத்துவர் சொல்லும் நேரம் நல்ல கண்ணை மறைத்துச் சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுத்தும் பெரும்பாலும் பார்வையை மீட்கலாம். காலம் கடந்தால் மீட்பது அரிது. எனவே, மாறுகண் யோகம் என்று சொல்லி நாளைக் கடத்தாதீர்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். விளையாட்டுப்போல ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மாற்றி மூடுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் குழந்தை சிணங்கிக் கையைத் தள்ளினால், மற்றக் கண்ணில் குறை இருக்கக்கூடும். தலையைச் சாய்த்துப் பார்த்தல், கண்ணைச் சுருக்குதல், தொலைக்காட்சியை நெருங்கி அமர்தல் ஆகியனவும் அறிகுறிகளே. கருவிழியின் நடுவே, நேரிலோ ஒளிப்படத்திலோ வெண்மை தோன்றினால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்; அது கண்புரையாகவோ உயிருக்கே ஊறு செய்யும் புற்றுநோயாகவோ இருக்கலாம். அறிகுறி எதுவும் இல்லையாயினும், பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கண் சிவந்தால் தாய்ப்பால், எண்ணெய், இலைச்சாறு முதலியவற்றை விடாதீர்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், காரட் ஆகியவற்றை உணவில் சேருங்கள். கீரையில் சிறிது நெய் கலந்தால் அதன் உயிர்ச்சத்து உடலில் நன்கு சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்கள். தைவான் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் 120 நிமிடம் மாணவரை வெட்டவெளியில் இருக்கச் செய்யும் திட்டம் 2010இல் தொடங்கியது. அதுவரை ஆண்டுதோறும் ஏறிவந்த பார்வைக் குறைபாடு அதன்பின் இறங்கத் தொடங்கியது. பகலொளி கிட்டப்பார்வையைத் தடுக்க உதவுகிறது. கைப்பேசி கொடுத்துச் சோறூட்டுவதை விடுத்து, முற்றத்தில் காக்கையைக் காட்டி ஊட்டுங்கள்.

கண்ணோட்டம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரக்கம் என்று பொருள். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். பாடத்தில் பின்தங்கும் பிள்ளையைக் கடியுமுன், கண்ணோட்டத்தோடு அதன் கண்ணை ஒருமுறை நோக்குங்கள் எனக் கேட்டு அமைகிறேன்.